நான் தலைகீழாகப் படித்த நாவல்

வெள்ளிக்கிழமை, பகல் மணி பன்னிரண்டு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு ‘ழ’. அச்சுக்கூடத்து மாடிப்படியின் அடிப்படியில், ஈயத்தில் வார்த்த அந்த ஒற்றை எழுத்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேலிருந்த பதின்மூன்று படிகளிலும் அதன் சொந்தபந்தங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வெறும் காலுறையுமாக, நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. சிங்கப்பூருக்குள் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சிராங்கூன் சாலையில், சுண்ணாம்புக் கம்பத்துப் பக்கம், ஒரு கடைவீட்டில் எங்கள் வாரப் பத்திரிகை நடந்தது. கீழ்த்தளத்தில் அச்சு யந்திரம். வெளிச்சம் வேண்டும் என்பதற்காக எழுத்துக் கோக்கும் அறை மாடியில். பின்புறச் சந்தில் எருமைத் தொழுவம். (கட்டுரை எழுதும்போது வரும் தடங்கல்களுக்கெல்லாம் அந்த எருமைகள்தாம் காரணம் என்று அப்போது நம்பினேன். பிறகு எருமை இல்லாத அலுவலகங்களிலும் வேலை பார்த்துவிட்டேன். தடங்கல் குறையவில்லை.)

முப்பது வருஷம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன், தான் எழுதியதிலேயே மோசமானது எது என்று ஒருநாள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என்னுடையது நான் முதன்முதலாக எழுதிய நூல் மதிப்புரை. அதை எழுதியது ஒரு திங்கட்கிழமை. படியில் உட்கார்ந்தது அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. இடையில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை எவ்வளவு முக்கியம் என்பது அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பத்திரிகைக்குச் சொந்தக்காரர் காதர் சாகிபு. நாங்கள் முதலாளி என்போம். கப்பல் வரவு, சரக்கு நிலவரம் தவிர வேறொன்றும் படிக்காத மனிதர். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி மாணிக்கம், நம்ம பிரஸ்ஸுல ஒரு நாவல் அச்சாயிருக்கு. ‘பறக்கும் குடை அல்லது முத்துநாச்சியின் சாகசம்’னு பேரு. எட்டுப் பாகம் கீழே கட்டா இருக்கு. படிச்சிட்டு நிறை குறை எழுது. நல்லா இருக்குன்னா வாரம் ஒண்ணா விப்போம், மிச்சத்தையும் அச்சடிப்போம். இல்லேன்னா இத்தோட நிறுத்திருவோம்.”

“யார் எழுதினது, முதலாளி?”

“யாரோ அலைகடலானாம். அதெல்லாம் உனக்கு எதுக்கு? உள்ளதை எழுது.”

உள்ளதை எழுது என்று யாராவது சொன்னால் அந்த வயதில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இரண்டு மாதத்துக்கு முன்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதற்குள் பத்திரிகைக்காரன் என்று தெரியவேண்டும் என்பதற்காக ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கியிருந்தேன். அச்சுக்கூடத்தில் மற்ற எல்லாரும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். நான் மட்டும் மாடிப்படியில் குதிரை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஏறுவேன்.

கட்டு கீழ்த்தளத்தில் யந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டுப் பாகம். பாகம் ஒன்றுக்குப் பதினாறு பக்கம். ஒவ்வொன்றிலும் பக்க எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. எத்தனையாவது பாகம் என்பது மேலட்டையில்தான் வரும். மேலட்டைக்கான வர்ணத்தாளோ சென்னையிலிருந்து வரும் கப்பலில் இருந்தது. நான் கட்டை அவிழ்த்தேன், மேலே இருந்ததை எடுத்தேன், படித்தேன். பிறகு அதற்கு அடுத்தது. இப்படியே எட்டையும் இரண்டு மாலைப்பொழுதில் முடித்தேன்.

அச்சடிக்கிற இடத்தில், அடித்து முடித்ததை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். முதலில் அடித்தது அடியில் இருக்கும். கடைசியில் அடித்தது மேலே இருக்கும். அந்தத் தொழிலில் ஒரு வாரம் இருந்தவனுக்கும் இது தெரியும். எனக்கு இரண்டு மாதம் ஆகியும் தெரியவில்லை.

ஆக, எட்டாம் பாகத்தில் ஆரம்பித்து முதற் பாகத்தில் முடித்தேன்.

கதையை இப்போது நேராகச் சொன்னால் இவ்வளவுதான்: துறைமுகத்தில் மழை. குடை ரிப்பேர் பார்க்கும் இளங்குமரனும் முத்துநாச்சி என்கிற துடுக்கான பெண்ணும் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு என்னுடையது, என்னுடையது என்று சண்டை போடுகிறார்கள். குடை இருவரையும் தூக்கிக்கொண்டு பறக்கிறது. ஒரு தீவில் இறக்குகிறது. அங்கே பல்வலியால் அழும் ஒரு பூதம். பல்லைப் பிடுங்குகிறார்கள். பூதம் சிநேகமாகிறது. சூனியக்காரி இளங்குமரனை ஆடாக்குகிறாள். முத்துநாச்சி அவனை மறுபடி மனிதனாக்குகிறாள். காதல். கல்யாணம். மாலை மாற்றுகிற நேரத்தில் பொறாமை பிடித்த குடை மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. தொடரும்.

படிக்கிறவன் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டவேண்டிய கதை. நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். என் மதிப்புரையில் ‘நிறைகள்’ என்ற தலைப்பில் எழுதியது இது:

“மணமேடையில் தொடங்கும் இக்கதை, ஒரு காலத்தில் மாலை மாற்றியவர்கள் மழையில் ஒரு குடைக்காக ‘நீ யார்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில் முடிகிறது. இல்லறம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இவ்வளவு கொடூரமாகச் சொன்ன நூல் தமிழில் இல்லை. பிடுங்கி எறிந்த பல்லே பூதத்துக்கு மீண்டும் வலிப்பது, துன்பத்துக்கு முடிவில்லை என்பதன் குறியீடு. கடவுள் வாழ்த்தை நூலின் கடைசியில் வைத்திருக்கும் துணிவு பாராட்டத்தக்கது. மனிதன் எல்லாம் போன பிறகுதானே ஆண்டவனை நினைக்கிறான்!”

(அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. இல்லறத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுத அதுவே காரணம்.)

‘குறைகள்’ இன்னும் உறுதியாக இருந்தன. “காணாமற்போன மணப்பெண் அடுத்த அத்தியாயத்திலேயே சாவதானமாகச் சோறு பரிமாறுகிறாள். எப்படித் திரும்பி வந்தாள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. ஆடாக மாறிய நாயகன் எப்போது மனிதனானான் என்பதும் மர்மம். கல்யாணமாகிப் பல நாள் கழித்து நாயகன் நாயகியிடம் தன் காதலை முதன்முறையாகத் தெரிவிப்பது நம்பும்படி இல்லை. ஆசிரியருக்கு ஞாபகமறதி அதிகம்.”

செவ்வாய்க்கிழமை அதைக் கோக்கக் கொடுத்தேன். எங்கள் கம்பாசிட்டர் சவரிமுத்து அண்ணன். நாற்பது வயது. பேச்சு குறைவு. கை மட்டும் பேசும். முந்நூறுக்குக் குறையாத அறைகள் உள்ள தமிழ் எழுத்துப் பெட்டியில், பார்க்காமலே விரலை விட்டு, கேட்ட எழுத்தை எடுப்பார். முந்தின வாரம் என் கட்டுரையில் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டார் என்று எல்லார் முன்னாலும் அவரைத் திட்டியிருந்தேன். (அவர் மாற்றியதுதான் சரி.)

என் தாள்களை முழுக்கப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு கேட்டார்:

“தம்பி, இதை இப்படியே கோக்கவா?”

“இப்படியேதான் அண்ணே. ஒரு எழுத்து மாறக்கூடாது.”

“நல்லா யோசிச்சுத்தானே?”

“ரெண்டு நாள் யோசிச்சு எழுதினது.”

“சரி” என்றார். கோத்தார். ஒரு எழுத்தும் மாறவில்லை.

புதன்கிழமை பத்திரிகை வெளிவந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் வருத்தம் இருந்தது. கோபம் இல்லை.

“இவ்வளவு சோகமான கதையா, தம்பி?”

“ஆமாம் முதலாளி. படிச்சு முடிக்கிறப்ப நெஞ்சு அடைச்சிருச்சு.”

“அப்ப வேண்டாம்பா. தொங்கான் படகுல நாளெல்லாம் மூட்டை சுமக்கிறவன், சாயங்காலம் காசு குடுத்து அழுவானா? அழுகுறதுக்கு அவனுக்குச் சொந்தமாவே ஆயிரம் இருக்கு.” மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “சவரிமுத்து! அந்த நாவலை நிறுத்திரு. கட்டி வச்சிருக்கியே நாலு பக்கம், அந்த எழுத்தெல்லாம் கப்பல் விளம்பரத்துக்கு வேணும். நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சதும் பிரிச்சுப் போட்டிரு.”

“சரிங்க முதலாளி” என்று மேலிருந்து பதில் வந்தது. அந்தக் குரலில் என்னவோ இருந்தது. மேலே போனேன்.

சவரிமுத்து அண்ணன் தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரத்தட்டை வெளியே இழுத்து வைத்திருந்தார். அதில் கோத்து முடித்து, நூலால் சுற்றிக் கட்டிய நான்கு பக்கங்கள். விரலால் ஒரு வரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த அலைகடலானை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ரொம்ப வருத்தப்படுவாரோ?”

“படறாரு” என்றார்.

எனக்கு விஷயம் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவரே தொடர்ந்தார்: “கட்டை மேலேர்ந்து எடுத்தீங்களா, அடியிலேர்ந்து எடுத்தீங்களா?”

“மேலேர்ந்துதான். ஏன்?”

சவரிமுத்து அண்ணன் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் என்னுடைய பழைய கட்டுரைத் தாள்கள் ஆறேழு கிடந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, அச்சுக்காரர் வைக்கிற மாதிரி வைத்துக் காட்டினார். முதல் தாள் அடியில் போனது. கடைசித் தாள் மேலே வந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

“அண்ணே! கோக்கறப்பவே சொல்லியிருக்கலாமே!”

“ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னீங்க.”

“எழுத்தைச் சொன்னேன்... இது மொத்தமும்...”

“மொத்தமும் எழுத்துதானே தம்பி.” அந்தத் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, “ஆனா அந்தப் பல்லு விஷயம் நல்லாத்தான் இருந்துது. நான் அப்படி நினைக்கவே இல்ல” என்றார்.

நாவலுக்குக் கையெழுத்துப் பிரதி கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பேனா பிடித்தால் அவருக்குக் கதை வராதாம். கோக்கிற கருவியைக் கையில் பிடித்தால்தான் வருமாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மனசிலிருந்து நேராக ஈயத்துக்குக் கோத்திருக்கிறார். எட்டுப் பாகத்துக்குப் பிந்திய கதை முழுக்க மண்டையில் இருந்தது. இந்த நான்கு பக்கம் மட்டும் வேறு: நாவலின் முடிவு. ஒரே மத்தியானத்தில் தானாக வந்ததாம். வந்ததை விடாமல் கட்டி வைத்துவிட்டார்.

“ஒரு தாள்ல ஒத்தி எடுத்து வச்சிக்கலாமே, அண்ணே.”

“முதலாளி நிறுத்துன்னுட்டாரு. அவர் சொல்லாம நான் பிரஸ்ஸைத் தொடமாட்டேன்.”

“பிரிச்சுப் போட்டா மறுபடி கோக்க வராதா?”

“மத்ததெல்லாம் வரும். இது வராது தம்பி. நானே ரெண்டு தடவை வாயால சொல்லிப் பாத்தேன். வரல.”

கீழே ஓடினேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தலைகீழாகப் படித்தேன், கதை சிரிப்புக் கதை, அடுத்த வாரமே பிழைதிருத்தம் போடவேண்டும், என் பெயரையே போட்டுத் திட்டுங்கள் என்றேன்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். “தம்பி, நீ நல்ல பிள்ளை. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. பத்திரிகை தப்பா எழுதினா படிக்கிறவன் மறந்திருவான். தப்புன்னு நாமளே எழுதினா மறக்கமாட்டான். இந்தப் பத்திரிகையில இதுவரைக்கும் திருத்தம் வந்ததில்ல.”

“கதையையாவது நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க முதலாளி. அடியிலேர்ந்து.”

“எனக்கு எங்கப்பா நேரம்? கப்பல் நாலு நிக்குது.”

அன்று மாலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன். திருத்தம் வராவிட்டால் போகட்டும். புத்தகம் வராவிட்டாலும் போகட்டும். அந்த நான்கு பக்கம் அழியக்கூடாது. அழித்தவன் நான் என்று ஆகக்கூடாது. சவரிமுத்து அண்ணன்தான் பிரஸ்ஸைத் தொடமாட்டார். எனக்கு அப்படி ஒரு கொள்கையும் கிடையாது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முதலாளியும் அச்சு ஓட்டுகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். சவரிமுத்து அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் மாடிக்குப் போனேன். ஈயத்தில் எழுத்து இடவலம் மாறி இருக்கும், பார்த்துப் படியெடுக்க எனக்கு வராது. திட்டம் எளிமையானது: தட்டைக் கீழே கொண்டுவந்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தி, நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டு, எல்லாரும் திரும்புவதற்குள் தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவது.

சவரிமுத்து அண்ணனாக இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் தூக்குவார். நான் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக நான்கையும் ஒரே தட்டில் தூக்கினேன். ஈயம் இவ்வளவு கனக்கும் என்று எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஆகவே என் காலை என்னால் பார்க்க முடியவில்லை. மேல்படியில் பூட்ஸின் தோல் வழுக்கியது.

ஒரு நாவல் மாடிப்படியில் விழும் சத்தம் மழை மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. முதலில் ஒரே ஒரு பெரிய சத்தம். பிறகு அரை நிமிஷத்துக்கு, தனித்தனியாக, ஒவ்வொரு எழுத்தும் தான் விழுந்ததை அறிவித்துக்கொண்டிருந்தது.

முதலில் திரும்பி வந்தவர் சவரிமுத்து அண்ணன். படிக்குக் கீழே நின்று பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது இன்றும் எங்கள் வீட்டில் அடிக்கடி நடித்துக் காட்டப்படுகிறது:

“அண்ணே, பத்திரமா எடுத்து வைக்கலாம்னு பாத்தேன்.”

அவர் குனிந்து, அந்த ‘ழ’வை எடுத்து, சட்டையில் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டார். “அடி பட்டுச்சா?” என்றார்.

“இல்லண்ணே.”

“அப்ப எந்திரிங்க. பொறுக்குவோம்.”

முதலாளி வந்தபோது நாங்கள் இருவரும் ஏழாவது படியில் இருந்தோம். அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். “யா அல்லா! என் கப்பல் விளம்பரம்!” என்றார். அதன்பின் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை இங்கே எழுத முடியாது. சுருக்கம் இது: கலைந்த எழுத்து முழுவதும் அதனதன் அறைக்குப் போகாமல் அடுத்த இதழ் வராது. ஆகவே அதுவரை நான் அந்தக் கட்டடத்தை விட்டு நகரக்கூடாது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் வரவும் கூடாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். நடுவில் கலைந்த எழுத்துக் குவியல். நான் ஒவ்வொன்றாக எடுத்து என்ன எழுத்து என்று சொல்வேன். சவரிமுத்து அண்ணன் வாங்கி அறையில் போடுவார். என் கண்ணை நம்பாமல் முதலாளியும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ‘ந’வும் ‘த’வும் ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒன்றாகிவிட்டன. எட்டு மணிக்கு ஒரு எண்ணம் வந்தது. எப்படியும் வேலை போய்விட்டது. இனி எனக்கு என்ன பயம்?

“அண்ணே, கதையை முதல்லேர்ந்து சொல்லுங்க.”

“உங்களுக்குத்தான் தெரியுமே.”

“நேரா தெரியாது.”

முதலாளி உறுமினார். “கையைப் பாருங்கப்பா, வாயைப் பாக்காதீங்க.”

“கை பாட்டுக்கு ஓடுது முதலாளி. நீங்க சொல்லுங்கண்ணே. துறைமுகத்துல மழை. அப்புறம்?”

சவரிமுத்து அண்ணன் முதலாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஒரு ‘கு’வை அறையில் போட்டுக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பேச்சு குறைவு என்று நான் முன்னே எழுதியதை இங்கே திருத்துகிறேன். துறைமுகச் சண்டையில் முத்துநாச்சியின் குரலும் வந்தது, இளங்குமரனின் குரலும் வந்தது, இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு கத்துகிற கூட்டத்தின் குரலும் வந்தது. குடை பறந்தபோது முதலாளி கப்பல் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

பூதத்தின் பல்லை ஒரு தென்னை மரத்தில் கட்டி இழுக்கிற இடம். சவரிமுத்து அண்ணன் ஒரு ‘ண’வைத் தேடுவதற்காக நிறுத்தினார்.

“பல்லு வந்துச்சா இல்லையா?” என்றார் முதலாளி.

நான் தலையை நிமிர்த்தவில்லை.

“வந்துச்சுங்க முதலாளி. மரமும் கூடவே வந்துச்சு.”

முதலாளி சிரித்தார். எங்கள் முதலாளி சிரித்து நான் பார்த்ததில்லை. பாதியில் அடக்கப் பார்த்து, முடியாமல், கப்பல் பட்டியலால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். இளங்குமரன் ஆடான பிறகும் முத்துநாச்சியோடு வாயாடுவதை விடாத இடத்தில் கோப்பி வாங்கிவரச் சொன்னார், மூன்று பேருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகல், மணப்பெண்ணைக் குடை தூக்கிக்கொண்டு போனதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“அப்புறம்?”

“அதுக்கப்புறம் அச்சாகலைங்க. நிறுத்தச் சொல்லிட்டீங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “இதைப் படிச்சா நெஞ்சு அடைச்சிருச்சுன்னே?”

“ஆமாம் முதலாளி.”

“எனக்கும் அடைக்குதுடா. இத்தனை நாள் என் பிரஸ்ஸுக்குள்ளயே இருந்திருக்கு.” எழுந்து வேட்டியை உதறினார். “சவரிமுத்து, மிச்சத்தைக் கோத்திரு. கப்பல் விளம்பரத்தைப் பாதியா சுருக்கிக்கலாம். தம்பி, நீ இருந்து இவருக்கு எழுத்து எடுத்துக் குடு. ஆனா ரெண்டு விஷயம். திருத்தம் போடமாட்டேன். இனி இந்தப் பிரஸ்ஸுக்குள்ள பூட்ஸ் வரக்கூடாது.”

வேலை போகவில்லை. அடுத்த நான்கு மாதம், கட்டுரை எழுதாத நேரமெல்லாம், வெறுங்காலோடு சவரிமுத்து அண்ணன் பக்கத்தில் நின்றேன். அவர் சொல்லச்சொல்ல ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். அவர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. ஒரு பக்கம்கூட இனி ஈயத்தில் மட்டும் இருக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பதினாறு பாகமும் வாரம் தவறாமல் வந்தன. தஞ்சோங் பகார் கப்பல்துறையில் ஒருவர் படிக்க இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பல் பிடுங்கும் பாகம் இரண்டாம் தடவை அச்சானது.

பிறகு கல்யாணமாகி, என் மனைவிக்கு இந்தக் கதையை நானே சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விருந்தில் யாராவது இலையில் பாயசத்தை முதலில் தொட்டால் “மதிப்புரை எழுதப் போறியா?” என்று கேட்பார்கள். என் பேத்தி, நான் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே, “தாத்தா, அடியிலேர்ந்து!” என்று கத்துவாள். இந்தக் கட்டுரையையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை முதலில் கேட்டாள்.

நாவலுக்கு ஒரு முடிவு வந்தது. குடை மனம் திருந்தி, மணமக்களுக்கு நிழல் பிடிப்பதாக. வாசகர்களுக்கு அது பிடித்திருந்தது. சவரிமுத்து அண்ணன் அதைக் கோக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். கோத்து முடித்த அன்று, “முதல்ல இருந்தது இதுதானா, அண்ணே?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி” என்றார்.

படியில் விழுந்த அந்த நான்கு பக்கத்தை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை.